மதினியின் எலும்புக்குள் இருந்த சாட்சி

என் மதினியின் வலது ஆள்காட்டி விரலை நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் சூடாகிவிடும். பழைய நீலச் சட்டைத் துணியைக் கிழித்து நாலு சுற்றுச் சுற்றியிருந்த விரல். துணி நனைந்து கறுத்து, ஓரத்தில் மட்டும் இன்னும் ஈரமாகச் சிவந்திருந்தது. எங்கள் லேப் மேஜையில் ரத்தம் எடுக்க வருகிறவர்கள் கை நீட்டும் ரெக்சின் தலையணையின் மேல் அந்த விரலை வைத்து, "ஏட்டி, இதுக்குப் பதில் சொல்லு" என்றாள். முன் பெஞ்சில் காத்திருந்த நாலைந்து பேரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். மதினி அவர்களுக்கும் சேர்த்தே பேசினாள். "நேத்து மத்தியானம் எங்க அண்ணன் தோட்டத்துல எலுமிச்ச முள்ளு குத்துச்சு. இன்னிக்கு மணி பத்தாவுது, இன்னும் கசியுது. வயித்துல உள்ளத எடுத்தா ரத்தம் நின்னுரும்னு எல்லாரும் சொல்லுதீங்கல்லா? அப்போ இந்த வெரலுக்குள்ளயும் கர்ப்பப்பை இருக்காட்டி?"

மதினி என்று நான் சொல்வது என் ஒரே அண்ணனின் மனைவியை. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். புளியங்குடியில் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருக்கும் வீட்டில் பிறந்து, சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டும் எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவள். எலுமிச்சை பறித்து வளர்ந்தவர்களின் கை முழங்கை வரைக்கும் கீறலும் தழும்புமாக இருக்கும். "முள்ளு குத்துனா வெரல வாயில வச்சு ஒரு சப்பு சப்பிட்டு அடுத்த காயப் பறிப்போம்" என்பாள். முள் குத்தினால் எவ்வளவு ரத்தம் வரும், எவ்வளவு நேரத்தில் நிற்கும் என்பதெல்லாம் அவளுக்குச் சின்ன வயதிலேயே அத்துப்படி. நான் படித்துச் சான்றிதழ் வாங்கிச் சுவரில் மாட்டி வைத்துக்கொண்டு கோட்டை விட்டதை, அவள் ஒரு முள்ளை வைத்துக் கண்டுபிடித்தாள். இதை நான் எழுத உட்கார்ந்ததே அந்த வெட்கத்தைச் சொல்லித் தொலைப்பதற்காகத்தான்.

அப்போது அவளுக்கு முப்பத்தேழு வயது. இரண்டு பெண் பிள்ளைகள். குடும்பக் கட்டுப்பாடும் செய்தாகிவிட்டது. ஒரு வருடத்துக்கு மேலாக மாதவிலக்கு வந்தால் பத்து நாள், பன்னிரண்டு நாள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. தறிக்கூடத்துக்குச் சாப்பாடு கொண்டுபோகும் நாலு தெருத் தூரத்துக்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவாள். வெளிர் நிறச் சேலைகளையெல்லாம் பீரோவின் அடித்தட்டுக்குத் தள்ளிவிட்டு, கருநீலமும் அரக்குமாக மாறி மாறிக் கட்டிக்கொண்டாள். பஸ்ஸில் உட்காரும்போது பழைய செய்தித்தாளை மடித்துப் போட்டு உட்காருவாள். யாராவது பார்த்தால், "சீட்டு அழுக்கா கெடக்கு" என்று கண்டக்டரைத் திட்டுவாள். பாவம், அந்தக் கண்டக்டர்கள்.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு தீர்ப்பு எப்போதும் தயாராக இருக்கும். 'எடுத்துரு.' சொல்கிறவருக்கு இரண்டு விநாடிகூட ஆகாது. ரெண்டு பிள்ளை பெத்தாச்சுல்லா, இனி அத வச்சு என்ன செய்யப் போற, எடுத்துரு. பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள், தறிக்கூடத்தில் நூல் சுற்ற வரும் பெண்கள் சொன்னார்கள், எல்லோரையும்விட அதிகமாக என் அம்மா சொன்னாள். அண்ணன் இந்தப் பேச்சு வந்தாலே சட்டையை மாட்டிக்கொண்டு தறிக்குப் போய்விடுவான். போகிற போக்கில், "டாக்டர் என்ன சொல்லுதாவளோ அதக் கேளு" என்பான். தெருவில் கொய்யா மரத்தை வெட்டுவதென்றால் இதைவிட அதிகம் யோசிப்பார்கள்.

பெண்களுக்கான டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னார். ஸ்கேனில் கட்டி ஒன்றும் இல்லை. ரத்தப்போக்கு நிற்க மாத்திரை கொடுத்தார். மாத்திரை சாப்பிடும் நாள் வரை அடங்கி, விட்டதும் முன்னைவிட மோசமாக வந்தது. "இன்னும் எவ்வளவு நாள் கஷ்டப்படப் போறீங்க? எடுத்துட்டா நிம்மதி" என்று ஆடித்தபசுத் திருவிழா கழிந்த மறுவாரம் நாளும் குறித்துக் கொடுத்தார். மதினி அந்தச் சீட்டை வாங்கி, மடித்து, பையில் வைத்துக்கொண்டு, "என் வயித்துல கட்டி இல்லன்னு நீங்களே சொல்லுதீங்க, பொறவு அது என்ன தப்பு செஞ்சுச்சு டாக்டரம்மா?" என்று கேட்டாள். நானும் கூடப் போயிருந்தேன். டாக்டரம்மா என்னைப் பார்த்து, படித்தவள் நீயாவது சொல்லக்கூடாதா என்பதுபோலச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அதற்கு முன்பே அவளுடைய உடம்பு எங்களுக்குச் சொல்லிப் பார்த்தது. கணுக்காலுக்கு மேலே குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள் வந்திருந்தன. நூறு இருக்கும். அரிப்பு இல்லை, வலி இல்லை. வேறு ஊராக இருந்தால் வேர்க்குரு என்றோ கொசுக்கடி என்றோ விட்டிருப்பார்கள். சங்கரன்கோவில்காரர்களுக்குத் தோலில் எது வந்தாலும் அம்மன் சந்நிதிப் புற்றுமண்தான் முதல் மருந்து. பாம்பும் பூச்சியும் செய்த வேலை என்று அம்மா முடிவு கட்டி, புற்றுமண்ணைக் குழைத்து மதினியின் இரண்டு காலிலும் பூசி, வெள்ளியில் பூச்சி உருவம் வாங்கிப் போடுவதாகவும் நேர்ந்துகொண்டாள். நான் அம்மாவைக் குறை சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்ததை அவள் செய்தாள். அந்தப் புள்ளியை விரலால் அமுக்கினால் சிவப்பு மறைகிறதா என்று பார்க்க வேண்டும், மறையாவிட்டால் அது தோலுக்கு அடியில் கசிந்த ரத்தம் என்பது எனக்குப் பாடத்தில் வந்த விஷயம். நான் வாசலில் நின்று காப்பி குடித்துக்கொண்டே, "முட்டி வரைக்கும் பூசும்மா" என்று சொல்லிவிட்டு லேப்புக்குக் கிளம்பினேன்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்றை அதற்கும் முன்பே செய்திருந்தேன். எட்டு மாதத்துக்கு முன்னால் அவளுடைய ரத்தத்தைப் பார்த்தது நான்தான். ரத்தம் உறைவதற்குத் தேவையான சின்னச் சின்னத் துணுக்குகள்தான் பிளேட்லெட், தமிழில் தட்டணு. டெங்கு வந்த பிறகு இந்தச் சொல் தெரியாத டீக்கடை கிடையாது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய அது அவளுக்கு இருபத்தெட்டாயிரம் என்று மெஷின் காட்டியது. எங்கள் தொழிலில் ஒரு சிக்கல் உண்டு. ரத்தம் எடுத்ததும் ட்யூபைச் சரியாகப் புரட்டிக் கலக்காவிட்டால் உள்ளே துணுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெஷின் ஏமாந்து குறைத்துக் காட்டும். அப்படியா, நிஜமாகவே குறைவா என்று தெரிய வேண்டுமானால் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டை இழுத்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். காய்ச்சல்காரர்களுக்கு அதை ஒழுங்காகச் செய்வோம். மதினிக்குக் காய்ச்சல் இல்லை. பிளேட்லெட் குறைவது என்றால் அது டெங்கு, டெங்கு என்றால் காய்ச்சல் என்று மண்டையில் ஆணி அடித்து வைத்திருந்த நான், ட்யூபின் மேல் பழியைப் போட்டு, தகடு போடாமலே, 'தட்டணுக்கள் போதுமான அளவில் உள்ளன' என்று டைப் அடித்தேன். சொந்த மதினிதானே என்ற அலட்சியமும் அதில் இருந்தது. அந்த ரிப்போர்ட்டை நம்பித்தான் டாக்டரம்மா வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நீலத் துணி சுற்றிய விரலோடு அவள் வந்து நின்ற அன்று, மறு கையில் ரத்தம் எடுத்தேன். ட்யூபைப் பத்துத் தடவை புரட்டினேன். மெஷின் ஒன்பதாயிரம் என்றது. தகடு இழுத்துச் சாயம் போட்டுக் காயும் வரை அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். மைக்ராஸ்கோப்பில் இடம் மாற்றி இடம் மாற்றிப் பார்த்தேன். சிவப்பணு இருந்தது, வெள்ளணு இருந்தது, தட்டணுவைக் காணோம். ரொம்ப நேரம் கழித்து ஒன்று தென்பட்டது, வழக்கத்தைவிடப் பெரிதாக. ஒட்டிக்கொண்ட கூட்டம் என்று ஒன்றுகூட எங்கும் இல்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் இந்த ஐந்து நிமிடத்தைச் செலவழித்திருக்கலாம்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. இப்போதுதான் குறைந்திருக்கிறது என்றால் நம்பியிருப்பார்கள். ஆனால் இன்னும் மூன்று வாரத்தில் ஒன்பதாயிரத்தோடு ஆபரேஷன் மேஜையில் படுக்கப் போகிறவள் என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். ஆபரேஷனுக்கு முன்னால் இன்னொரு தடவை பார்ப்பார்கள்தான். பார்த்து, இன்னொருத்தியும் என்னைப் போலவே ட்யூபின் மேல் பழியைப் போட்டால்? நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில், "பாக்காமலே எழுதுனியாட்டி?" என்றாள். ஆமாம் என்றேன். "சொந்தக்காரின்னா பாக்க மாட்டியோ?" நான் அழுதேன். "அழாத. அழுதா எனக்கு என்ன ஆவப்போவுது? நாளைக்கு லீவு போடு. எங்கன போணுமோ அங்கன நீதான் என்னயக் கூட்டிட்டுப் போற. நான் நல்லாயிட்ட பொறவு உன்ன மன்னிக்கலாமா வேண்டாமான்னு யோசிக்கேன்."

வீட்டில் பெரிய ரகளை நடந்தது. நாள் குறித்தாகிவிட்டது, டாக்டரிடம் என்ன சொல்வது என்று அண்ணன் குதித்தான். அம்மா பப்பாளி இலையைப் பறித்துக்கொண்டு வந்து அம்மியில் வைத்தாள். மதினி அந்தச் சாற்றை ஒரே மடக்கில் குடித்து, முகத்தைச் சுளித்து, "இதையும் குடிக்கேன், அம்மனையும் கும்புடுதேன். ஆனா எதுக்கு ரத்தம் போவுதுன்னு ஒருத்தராவது எனக்குச் சொல்லுத வரைக்கும் என் வயித்துல எவளும் கத்தி வைக்க முடியாது" என்றாள். அண்ணன், "உனக்கு வீம்பு" என்றான். "ஆமா, வீம்புதான். உங்க தறி நின்னா எந்த நூலு அறுந்துச்சுன்னு பாக்காம தறியவா ஒடச்சுப் போடுவீங்க?" அண்ணன் எழுந்தான். சட்டையை மாட்டிக்கொண்டான்.

திருநெல்வேலியில் ரத்தத்துக்கென்றே இருந்த டாக்டர் நரைத்த தலையும் மெல்லிய குரலுமாக இருந்தார். மதினியின் காலில் இருந்த புள்ளிகளைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். அந்த ஒரு அமுக்கலுக்கே நான் தலையைக் குனிந்துகொண்டேன். இரண்டு வழி இருக்கிறது என்றார். எலும்பு மஜ்ஜையில் தட்டணு உற்பத்தியே நின்றிருக்கலாம், அது பெரிய வியாதி. அல்லது உற்பத்தி நன்றாக நடந்து, வெளியே வந்த தட்டணுக்களை உடம்பே எதிரி என்று நினைத்து அழித்துக்கொண்டிருக்கலாம். எது என்று தெரிய இடுப்பு எலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துப் பார்க்க வேண்டும். மதினி கேட்டாள், "அதுல பொய் சொல்ல முடியாதுல்லா சார்?" அவர் சிரிக்காமல், "பார்க்கிறவன் ஒழுங்காகப் பார்த்தால் முடியாது" என்றார். அவருக்கு என் கதை தெரியாது.

ஒருக்களித்துப் படுக்கவைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, இடுப்புக்குப் பின்பக்க எலும்பில் தடித்த ஊசியைத் திருகி இறக்கினார்கள். எலும்பைத் துளைக்கும்போதுகூட அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். மஜ்ஜையை உறிஞ்சும் அந்த ஒரு நொடிக்கு மருந்து கிடையாது. என் மணிக்கட்டைப் பிடித்திருந்த அவளுடைய நகம் உள்ளே இறங்கியது. "சொல்லிட்டு இழுங்க சார்! நாங்க காய் பறிக்கதுக்கு முன்னால மரத்துக்கிட்டக்கூடச் சொல்லுவோம்!" என்று கத்தினாள். அவர் மன்னிப்புக் கேட்டார். ஒரு பெரிய டாக்டர் ஒரு நோயாளியிடம் மன்னிப்புக் கேட்டதை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன்.

தகடு தயாரான பிறகு, நானும் லேப்காரி என்று தெரிந்து, பார்க்கக் கூப்பிட்டார். மதினி பின்னாலேயே வந்துவிட்டாள். "என் எலும்பு, நான் பாக்கக் கூடாதா?" அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். பிறகு, "இது என்ன இது, சுத்தி இருக்கதெல்லாம் பொடிசாக் கெடக்கு, நடுவுல ஒருத்தி மட்டும் நெறமாசப் பிள்ளத்தாச்சி மாதிரி உக்காந்திருக்கா?" என்றாள். டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். "அவளைத்தான் நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம்."

மெகாகேரியோசைட் என்று அதற்குப் பெயர். பெரிய கருவுள்ள செல் என்று அர்த்தம். நான் பரீட்சைக்காக மனப்பாடம் செய்து, எழுதி முடித்ததும் மறந்துபோன பெயர். அவர் மதினிக்குச் சொன்ன விதத்தில்தான் எனக்கே அது புரிந்தது. மஜ்ஜையில் எல்லாச் செல்லும் ஒன்று இரண்டாக, இரண்டு நாலாகப் பிரிந்து பெருகும். இந்தச் செல்லும் இளமையில் மற்றவற்றைப் போலச் சின்னதாகத்தான் ஆரம்பிக்கிறது. பிரிய வேண்டிய நேரம் வருகிறது. உள்ளே இருக்கும் கரு தன்னை இரண்டு மடங்காக்கிக்கொள்கிறது. ஆனால் செல் மட்டும் பிரிவதில்லை. மறுபடி கரு இரட்டிக்கிறது, நாலு, எட்டு, பதினாறு, சிலவற்றில் முப்பத்திரண்டு மடங்கு வரைக்கும் போகிறது. அப்போதும் பிரியாது. உடம்பு மட்டும் பெருத்துக்கொண்டே போகும். மஜ்ஜையில் இருக்கும் ரத்தச் செல்களிலேயே பெரியதாக ஆகிவிடும். அதற்குப் பிறகு கருவைச் சுற்றியுள்ள பகுதியில் சின்னச் சின்ன மணிகள் நிறையும், உள்ளேயே மடிப்பு மடிப்பாகச் சவ்வு ஓடும். அதுதான் முதிர்ச்சி. முதிர்ந்த பிறகு மஜ்ஜைக்குள் ஓடும் ரத்தக் குழாயின் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். குழாயின் சுவருக்குள் நீளமாக விரல்களை நீட்டும். ஓடுகிற ரத்தத்தில் அந்த விரல்கள் துணுக்குத் துணுக்காக அறுந்து போகும். அந்தத் துணுக்குகள்தான் தட்டணுக்கள். ஒரு செல் ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, கடைசியில் வெறும் கருவாக மிஞ்சி அழிந்துபோகும். வெளியே போன துணுக்குகள் ஒரு வாரம், பத்து நாள் ஊரைச் சுற்றிக் காயம் பட்ட இடத்தில் அடைத்து நிற்கும்.

"உங்களுக்கு இந்தச் செல் குறையவே இல்லை. நிறையவே இருக்கிறது" என்றார் டாக்டர். "ஆனால் பாருங்கள், பாதிக்கு மேல் இளசு. ஓரம் வழுவழுவென்று இருக்கிறது, உள்ளே மணி சரியாக நிறையவில்லை. வெளியே அழிந்துகொண்டே இருப்பதால் இங்கே அவசர அவசரமாகப் புதிது புதிதாக வருகிறது. முழுசாக முதிர விடாமல் உங்கள் உடம்பே தொல்லை கொடுக்கிறது. உற்பத்தியில் கோளாறு இல்லை. வேறு கெட்ட வியாதியும் இல்லை." மதினி மைக்ராஸ்கோப்பில் இருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள். "அப்போ எலும்பு வேல செய்யுது." செய்கிறது என்றார். "கர்ப்பப்பையும் அது வேலையத்தான் செஞ்சிருக்கு. ரத்தம் ஒறைய மாட்டாம போயிருக்கு, அவ்வளவுதான?" அவ்வளவுதான் என்றார். அவள் என் பக்கம் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது. "கேட்டுக்கோ" என்றாள்.

ஊருக்குத் திரும்பியதும் நேரே டாக்டரம்மாவிடம் போனோம். குறித்த நாளை ரத்து செய்யப் போனில் சொன்னால் போதும் என்றேன். நேரில்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். டாக்டரம்மா திருநெல்வேலிச் சீட்டைப் படித்து முடித்துவிட்டு, "உங்க லேப் ரிப்போர்ட்ல போதுமான அளவுன்னு இருந்துச்சேம்மா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அது நியாயம். தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். மதினி அதோடு விடவில்லை. "ரெண்டு பேருமே பாக்கல டாக்டரம்மா. இவ கண்ணாடித் தகட்டப் பாக்கல, நீங்க என்னயப் பாக்கல. கால்ல புள்ளி இருக்குன்னு ரெண்டு தடவ சொன்னேன். சேலையத் தூக்குன்னு நீங்க சொல்லவே இல்ல." டாக்டரம்மாவின் முகம் சிவந்தது. அதற்குப் பிறகு அவர் அனுப்பும் ஒவ்வொரு சீட்டிலும் 'தகடு போட்டுப் பார்க்கவும்' என்று தன் கையாலேயே எழுதுவார். எனக்குச் சுருக்கென்று தைக்கும். தைக்கட்டும்.

அதற்கப்புறம் எல்லாம் சுலபமாகிவிட்டது என்று எழுதினால் பொய். முதலில் கொடுத்த மாத்திரையில் எண்ணிக்கை ஏறியது, கூடவே மதினியின் முகமும் பூரி மாதிரி உப்பியது. தெருவில், "நல்லாத் தேறிட்டியே" என்றவர்களிடம், "ஆமா, உங்க கண்ணு பட்டுரும்" என்பாள். மாத்திரையைக் குறைத்ததும் எண்ணிக்கை பழையபடி இறங்கியது. திருநெல்வேலி டாக்டர், தட்டணுக்களை அழிக்கிற இடம் பெரும்பாலும் மண்ணீரல் என்பதால் அதை எடுத்துவிடும் வழி ஒன்று உண்டு என்றார். 'எடுக்கலாம்' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததும் மதினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எடுக்காம ஒரு வழி இருக்கா, இல்லையா? மொதல்ல அதச் சொல்லுங்க." இருந்தது. மஜ்ஜையில் இருக்கும் அந்தப் பெரிய செல்களைப் பெருகவும் முதிரவும் தூண்டுகிற மாத்திரை ஒன்று வந்திருந்தது. தினமும் வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும், பால் சேர்ந்தது எதையும் முன்னும் பின்னும் பல மணி நேரம் தொடக் கூடாது. கண் விழித்ததும் டம்ளர் நிறைய டீ இல்லாமல் பேச ஆரம்பிக்காதவளுக்கு இது பெரிய தண்டனை. கடுங்காப்பியைக் குடித்துக்கொண்டு, "என் பிள்ளத்தாச்சிக பெருசாவட்டும்" என்பாள். அந்தச் செல்களை அவள் இன்று வரை அப்படித்தான் சொல்கிறாள்.

எண்ணிக்கை லட்சத்தை எட்டியது அபூர்வம். எழுபதாயிரம், எண்பதாயிரம் என்று நின்றது. அது போதும், முள் குத்தினால் நின்றுவிடும். மாதவிலக்கு ஐந்து நாளுக்கு அடங்கியது. பீரோவின் அடித்தட்டில் இருந்த மஞ்சள் சேலை வெளியே வந்தது. மாதம் ஒரு தடவை லேப்புக்கு வந்து கை நீட்டுவாள். நான் தகடு இழுத்து, சாயம் போட்டு, அவள் எதிரிலேயே எண்ணிக் காட்ட வேண்டும். ஒரு தடவை அவசரத்தில் மெஷினில் வந்ததை மட்டும் சொன்னேன். எழுந்து போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டாள். "கண்ணால பாத்துட்டுச் சொல்லு. நான் இருக்கேன்." என்னை மன்னித்தாளா என்று இதுவரை அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஆனால் அந்த நாள் தொட்டு இந்த நாள் வரை ஒரு தகடுகூடப் பார்க்காமல் நான் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டது கிடையாது. காய்ச்சல் இல்லாத எத்தனையோ பெண்களின் கணுக்காலை அமுக்கிப் பார்த்திருக்கிறேன். சிலர் முறைப்பார்கள். முறைத்துவிட்டுப் போகட்டும்.

இவ்வளவும் நடந்து பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. இடையிடையே ஊர் அவளைச் சும்மா விடவில்லை. "வேலையத்துப் போயி மாத்திரையத் தின்னுக்கிட்டு, அன்னிக்கே எடுத்திருந்தா ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும்" என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். எடுத்திருந்தாலும் முள் குத்திய விரலில் ரத்தம் நின்றிருக்காது என்பது அவர்களுக்கு ஏறவே இல்லை. மதினி விளக்கம் சொல்வதை விட்டுவிட்டாள். "என் உடம்புல இருக்கது என்கூட இருந்துட்டுப் போவுது, உனக்கு என்ன எடஞ்சலா இருக்கு?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரையும் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தாள். எதற்கு என்று சொல்லவில்லை. போனால், நடு வீட்டில் கோலம் போட்டு, அதன் மேல் நாற்காலி போட்டு, புதுச் சேலை கட்டி, தலை நிறையப் பிச்சிப்பூ வைத்து அவளே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தாம்பாளத்தில் சந்தனம், குங்குமம், வெற்றிலை பாக்கு, ஒரு பெரிய அண்டா நிறைய அல்வா. தெருப் பெண்கள் பத்துப் பேர் விழித்துக்கொண்டு நின்றார்கள். யாருக்குக் கல்யாணம் என்று ஒருத்தி கேட்டாள். "கல்யாணமும் இல்ல, காதுகுத்தும் இல்ல. எனக்கு நின்னு ஒரு வருஷம் ஆவுது. எவளும் எடுக்கல. தானா வந்துச்சு, தானா நின்னுருக்கு. வந்தப்போ மைக்செட்டு கட்டி, பந்தல் போட்டு, ஊரக் கூட்டிச் சடங்கு வச்சாவல்லா? போனதுக்கு நான் வைக்கேன். வந்து சந்தனம் பூசுங்க."

கொல்லென்று சிரிப்பு. அண்ணன் வாசலோடு திரும்பித் தறிக்குப் போகப் பார்த்தான். மூத்த மகள் அவனுடைய சட்டையைப் பிடித்து இழுத்து அல்வாத் தட்டைக் கையில் கொடுத்தாள். பெண்கள் ஒவ்வொருத்தராகப் போய்ச் சந்தனம் பூசினார்கள். கிண்டலாக ஆரம்பித்தவர்கள் கன்னத்தைத் தொட்டதும் சத்தம் அடங்கிப்போனார்கள். நானும் பூசினேன். அம்மா மட்டும் சுவரோரம் நின்றுகொண்டு, "கிறுக்குப் பிடிச்சிட்டு இவளுக்கு" என்று முனகினாள். "வாங்கத்தே" என்று மதினி கூப்பிட்டாள். அம்மா நகரவில்லை. பிறகு யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"எனக்கு எடுக்கும்போது முப்பத்தாறு வயசு. படுக்க வச்சு, மயக்கம் தெளிஞ்ச பொறவுதான் சொன்னாவ. எங்கிட்ட யாரும் ஒரு வார்த்த கேக்கல."

அப்போது நான் எட்டாம் வகுப்பில் இருந்தேன். அம்மாவுக்கு வயிற்று ஆபரேஷன் என்று மட்டும் தெரியும். இத்தனை வருடமும் நான் அவளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ரத்தம் பார்ப்பது என் தொழில், என் அம்மாவுக்கு எதற்காக எடுத்தார்கள் என்று எனக்கு இன்று வரை தெரியாது.

மதினி நாற்காலியை விட்டு எழுந்தாள். நேரே சுவரோரம் போய் அம்மாவின் கையைப் பிடித்தாள். அம்மா வரமாட்டேன் என்று கையை உதறினாள். மதினி விடவில்லை, இழுத்துக்கொண்டு வந்து கோலத்தின் மேல் போட்டிருந்த நாற்காலியில் உட்காரவைத்தாள். தன் தலையில் இருந்த பிச்சிச் சரத்தில் பாதியைக் கிள்ளி அம்மாவின் கொண்டையில் சொருகினாள்.

"பூசட்டுமா அத்தே?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்து நின்றாள். அம்மா கொண்டையில் இருந்த பூவைத் தொட்டுப் பார்த்தாள். பத்துப் பெண்களும் நானும் அசையாமல் நின்றோம்.

"பூசு" என்றாள் அம்மா.